நான்கு கம்ப்யூட்டரும் சொல்லாத சேதியும்

தொண்டியில் காலிதா நடத்திய பிரவுசிங் சென்டரில் கம்ப்யூட்டர் மொத்தமே நான்குதான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை நேரத்தில் கடையைச் சாத்திவிடுவாள். ஈ காக்கை இருக்காது. அந்த ஒரு மணி நேரம் நான்கும் அவளுக்கே சொந்தம். சார்ஜாவில் வேலை பார்க்கும், வெள்ளிக்கிழமை லீவில் இருக்கும் புருஷன் ஹமீது சுல்தானும் அவளுக்கே சொந்தம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கொஞ்சிக் குலாவுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த இரண்டு கிறுக்குகளும் செஸ் ஆடும் ப்ரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு காயை நகர்த்தலாமா என்று பார்க்க, எதிராளி திருப்பி ஆடக்கூடிய பதில்களை நான்கு கம்ப்யூட்டருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். வேகம் நாலு மடங்கு ஆகும் என்று பார்த்தால், ஒன்றரை மடங்கைத் தாண்டவில்லை.

அன்றும் அதைத்தான் நோண்டினார்கள். ஆனால் காலிதாவின் மனசு அதில் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் வயிற்றுப் பிள்ளை தங்காமல் போயிருந்தது. "கடல் தாண்டிக் கெடக்குற புள்ளைக்கு இதச் சொல்லாதம்மா. அங்கன தனியாக் கெடந்து தவிப்பான்" என்று மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். நல்ல சேதி அன்றைக்கே போகும். கெட்ட சேதி ஆள் ஊர் திரும்பும்வரை காத்திருக்கும். அவனோ, பிள்ளை வரப்போகிறதே, செலவுக்குப் பணம் வேண்டுமே என்று இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருக்க முடிவு செய்திருந்தான். மறுநாள் காலையில் அதற்கான காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

"கண்டுபுடிச்சிட்டேன்" என்றான் ஹமீது. "மூணாவது மெஷின், இப்படி ஆடுனா ராணி போயிரும்னு மூணே செகண்டுல பாத்துருச்சு. அந்தக் காய அங்க நகத்தக் கூடாதுன்னு அத்தோட தெரிஞ்சுபோச்சு. மத்த மூணும் அது தெரியாம, அதையே போட்டு நிமிசக்கணக்காத் தேடிக்கிட்டு இருக்கு. முழுசா முடிச்சிட்டுத்தான் சொல்லணும்னு யாரு எழுதுனது?"

"நாந்தான் மச்சான். பாதியில சொல்லி மத்ததோட வேலைய எதுக்குக் கெடுக்கணும்னு நெனச்சேன்."

அவன் சிரித்தான். "சொல்லாம விட்டாத்தான் அதுக வேல வீணாப்போகுது. பாவம், இல்லாத ஒண்ணுக்காக மாடா ஒழைக்குதுக."

காலிதா நாலு வரியை மாற்றி எழுதினாள். இந்த முறை ஒன்று கண்டதுமே மற்ற மூன்றும் தேடலை விட்டுவிட்டு அடுத்த நகர்த்தலுக்குத் தாவின. வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. அந்தப் பக்கம் அவன் கைதட்டினான்.

"புள்ள பொறந்ததும் அதுக்கு வைக்கிற பேரையே இதுக்கும் வச்சிருவோம்" என்றான்.

"மச்சான், நாளைக்குக் கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் காலிதா. "புள்ள இல்ல. மூணு வாரமாச்சு."

அந்தப் பக்கம் அவன் கீபோர்டைத் தள்ளிவைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா லில்லாஹி" என்று, இழப்புச் சேதி கேட்டால் சொல்வதை மெல்லச் சொன்னான். "மூணு வாரமா நீ மட்டுமா இத வச்சுக்கிட்டு இருந்த?"

"நீங்க தவிப்பீகன்னு மாமி சொன்னாக."

"தவிச்சா ரெண்டு பேருமாத் தவிக்கலாம். அடுத்த மாசத்தோட இங்கன காண்ட்ராக்ட் முடியுது. நான் வாரேன்."

மூன்று வாரமாக அழாமல் இருந்த காலிதா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள், அவனும் அழுதான். தொழுகை முடிந்து வந்த யாரோ கடைக் கதவைத் தட்டினார்கள். அவள் திறக்கவில்லை.