அம்சாவின் நெஞ்சுப் படம்

அம்சாவுக்கு டி.பி. என்று சொன்னார்கள். சொன்னது டாக்டர் இல்லை, மாமியார். இந்த வித்தியாசம் அவளுக்கு உறைக்கக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. அதற்குள் அவள் கைக்குழந்தை வேறொருத்தி மடியில் தூங்கப் பழகிவிட்டிருந்தது.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் அது. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டும் தங்கவேலின் பெண்டாட்டி அம்சா. பிள்ளை சிங்காரத்துக்கு இன்னும் நடை வரவில்லை, சுவரைப் பிடித்து எழுந்து நிற்பான், அவ்வளவுதான். அந்த வீட்டில் சொல்வதும் செய்வதும் மாமியார் ஞானம்மாள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் தனியாளாக ஆளாக்கியவள். அவள் ஒன்று சொன்னால் தங்கவேலுக்கு அது கல்லில் வெட்டினது மாதிரி.

அந்த ஆனி மாதம் தங்கவேலின் தங்கை மனோரமா நகரியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். கல்யாணமாகி நாலைந்து வருஷம், குழந்தை இல்லை, போதாக்குறைக்கு விடாத இருமல். நெஞ்சைப் படம் எடுத்து, சுத்தம் என்று தெரிந்தால் வா, இல்லாவிட்டால் அங்கேயே இரு என்று புருஷன் வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்சாவுக்கும் அப்போது சளி பிடித்து இரண்டு இருமல் இருந்தது. போவதுதான் போகிறோம் என்று ஞானம்மாள் மகளையும் மருமகளையும் சேர்த்தே திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரயிலடிப் பக்கம் ஸ்ரீகண்டன் டாக்டர் எக்ஸ்ரே மிஷின் வைத்திருந்தார்.

இருட்டறையில் மிஷின் ஓட்டுகிற ஆள், "கழுத்துல கீற நகையெல்லாம் கழட்டிடுங்கம்மா" என்றான். சங்கிலியைக் கழற்றினார்கள். தாலியையும் என்றதும் இரண்டு பேரும் ஒரே குரலில் மாட்டேன் என்றார்கள்.

"புருஷன் உசுரோட கீறப்ப இதைக் கழட்டுவாங்களாங்க?" என்று மனோரமா கேட்டாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "தெனம் இதே மல்லுக்கட்டு. சரி, முதுகுப் பக்கமாவது தள்ளிவுட்டுக்கோங்க."

தள்ளிவிட்டுக்கொண்டார்கள். படம் பிடிப்பது நெஞ்சைத்தானே, முதுகில் கிடப்பது அதற்கு எப்படித் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. பூனை கண்ணை மூடிக்கொண்ட கணக்குதான். ஆனால் அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்கள் எல்லோருமே அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள்.

மறுநாள் படங்களை வாங்கிவர ஞானம்மாள் தனியாகப் போனாள். அவள் திரும்புவதற்குள் டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டர் தங்கவேலைச் சந்தையில் பார்த்து, "உங்க ஊட்டுப் பொம்பளைங்க ரெண்டு பேருல ஒருத்தருக்கு நெஞ்சுல நோவு கீது, உடாம வைத்தியம் பாரு" என்று காதில் போட்டுவிட்டான். யாருக்கு என்று அவனுக்கும் தெரியாது. தங்கவேல் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டான். ஞானம்மாள் மடியில் இருந்த இரண்டு உறைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"உம் பொண்டாட்டிக்குத்தான்" என்றாள்.

அன்றைக்கே அம்சாவின் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. மறுநாள் முதல் பஸ்ஸில், அவள் பேர் எழுதின உறையோடு கே.ஜி.கண்டிகையில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்கு ஒட்டிக்கும், அவன் இங்கேயே இருக்கட்டும் என்றாள் ஞானம்மாள். மருந்து என்ன என்று அம்சா கேட்டதற்கு, "முட்டையும் பாலும் சாப்ட்டுகினு சும்மா இருந்தா போதும்னாரு டாக்டர்" என்றாள். பஸ் ஏறும்போது குழந்தை மனோரமாவின் இடுப்பிலிருந்து கையை நீட்டிக் கத்தினான். அம்சா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பாள்.

கண்டிகையில் அவளுக்கு முதல் வாரம் நெஞ்சு வலித்தது உண்மை. நோவினால் இல்லை, பால் கட்டினதால். பால் வற்றட்டும் என்று அம்மா பத்மா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டிவிட்டாள். கைக்குழந்தைக்காரி குழந்தை இல்லாமல் வந்திருக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். பத்மா ஆளுக்கொரு கதை சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

முட்டை சாப்பிட்டாள், சும்மா இருந்தாள். இருமல் பத்தே நாளில் நின்றுவிட்டது. உடம்பு பூசினாற்போல் ஆனது. இதுதான் டி.பி.யா என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது. அந்தச் சந்தேகத்துக்கு முதலில் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருந்த நாகேந்திரன். அவருக்கு அந்த நோவு வந்து போயிருந்தது.

"ஊசி எங்கம்மா போட்டுக்கிற?" என்று கேட்டார்.

"ஊசி இல்லண்ணா. முட்டை சாப்டச் சொன்னாங்க."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "எனக்கு இடுப்புல குத்தாத எடம் பாக்கி இல்ல. ஊசி இல்லாம இதுக்கு இன்னா வைத்தியம்? எந்த டாக்டரு அப்டி சொன்னாரு?"

எந்த டாக்டரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அம்சாவுக்கு உறைத்தது.

அந்த வாரம் தங்கவேல் பார்க்க வந்தான். வாசலோடு நின்றான், உள்ளே வரவில்லை. குழந்தையைப் பற்றிக் கேட்டதற்கு, மனோ கூடத்தான் தூங்குகிறான், அவளை விட்டு இறங்கமாட்டேன் என்கிறான் என்றான். அம்சாவுக்குக் குழந்தை அழாமல் இருப்பது நிம்மதியாகவும் இருந்தது, வயிறு எரியவும் எரிந்தது.

"மனோவுக்கு எப்படிக் கீது?"

"அவளுக்கு இன்னா, மொகம் தெளிஞ்சிகினு வருது. அம்மா தெனம் அவளத் திருத்தணிக்கு இட்டுகினு போறாங்க. மலைக்கு எதுவோ வேண்டுதலாம். ஆடிக் கிருத்திகை முடிஞ்சதும் நகரிக்கு அனுப்பிடுவாங்க. படம்தான் சுத்தமா கீதே."

சுத்தமானவள் தினம் திருத்தணிக்குப் போகிறாள். நோவுக்காரி ஊசி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். அம்சா அவன் முகத்தையே பார்த்தாள். இவனுக்கும் தெரியுமா? தெரிந்துகொண்டே வாசலில் நிற்கிறானா? கூடப் படுத்தவனையே சந்தேகப்படுகிற நிலைமை எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடாது. அவளுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி பொறுக்கினாள்.

படத்தை அடிக்கடி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். விலா எலும்புகள், நடுவில் முதுகெலும்பு, இடப்பக்கம் சாய்ந்த இருதயம். வலது தோள் எலும்புக்குக் கீழே பஞ்சைப் பிய்த்து ஒட்டினது போல் ஒரு வெளுப்பு. அதைத் தவிர நடு முதுகுக்குக் கொஞ்சம் பக்கத்தில் பளிச்சென்று இரண்டு வட்டப் புள்ளிகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு. அவற்றையும் நோவு என்றுதான் நினைத்திருந்தாள். மூன்று இடத்தில் இருக்கிறதே, பிழைப்போமா என்று அதைப் பார்த்து அழுததும் உண்டு.

ஆடிப் பெருக்கு அன்று காலை பத்மா மகளுக்குத் தாலிக்கயிறு மாற்றினாள். பழைய கயிற்றிலிருந்து உருவின தாலியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, புதுக் கயிற்றில் கோப்பதற்காக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெளிச்சத்துக்கு எதிரே அது கறுப்பாகத் தெரிந்தது. ஒற்றைத் தாலி. மேலே வளையம், கீழே இரண்டாகப் பிரிந்த கால். தங்கவேல் வீட்டு வழக்கம் அது.

அம்சா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா, தங்கம் அந்தப் படத்துல எப்படித் தெரியும்?"

"எனக்கு இன்னாடி தெரியும். கழுத்த நீட்டு, நேரம் போவுது."

கயிறு கழுத்தில் ஏறின கையோடு அவள் ஓடிப்போய் உறையைப் பிரித்தாள். படம் எடுத்தபோது அவள் முதுகில் தாலி கிடந்தது. அது படத்தில் விழுந்திருந்தால் காலோடு, ஒற்றையாக விழுந்திருக்க வேண்டும். இதில் இருப்பது இரண்டு, இரண்டும் வட்டம். நகரிப் பக்கத்தில் தெலுங்குக்காரர்களோடு இருந்து இருந்து நம்மவர்களும் ரெட்டைப் பொட்டுத் தாலிதான் கட்டுவார்கள். பிறந்த வீட்டுப் பொட்டு ஒன்று, புகுந்த வீட்டுப் பொட்டு ஒன்று, இரண்டும் காசு மாதிரி வட்டமாக இருக்கும். அன்று அந்த இருட்டறையில் அதை முதுகில் தள்ளிவிட்டுக்கொண்டவள் ஒருத்திதான்.

தனக்கு நோவு இல்லை என்ற சந்தோஷம் அவளுக்கு ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட நிற்கவில்லை. குழந்தை மனோ கூடத்தான் தூங்குகிறான் என்று தங்கவேல் சொன்னது அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

திருத்தணியில் பஸ் மாறி ஆர்.கே.பேட்டை போய்ச் சேரும்போது சாப்பாட்டு வேளை. தங்கவேல் தறியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான். மனோரமா குழந்தையை மடியில் போட்டுப் பருப்புச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சூடு ஆறட்டும் என்று ஒவ்வொரு உருண்டையையும் வாயால் ஊதி ஊதிக் கொடுத்தாள்.

"அங்கியே நில்லு" என்றாள் ஞானம்மாள். "உன்ன யாரு வரச் சொன்னது?"

அம்சா நிற்கவில்லை. நேராகப் போய்க் குழந்தையைப் பிடுங்கினாள். அவன் அவளை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுதான். அந்த அழுகை அவளைக் குத்தியது, ஆனாலும் விடவில்லை. ஒரு கையில் அவனை இடுக்கிக்கொண்டு மறு கையால் படத்தை முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க. இது ரெண்டும் இன்னான்னு சொல்லுங்க."

தங்கவேல் எச்சில் கையோடு வந்து பார்த்தான். புரியவில்லை. பிறகு அவள் கழுத்தைப் பார்த்தான், தங்கையின் கழுத்தைப் பார்த்தான்.

"அந்த இன்னொரு படத்த எடுத்துகினு வா" என்றான் அம்மாவிடம். அவன் அம்மாவிடம் அந்தக் குரலில் பேசினது அதுதான் முதல் தடவை.

"அது எதுக்குடா இப்ப? நகரிக்குக் குடுக்க வெச்சிகீறன்."

அவனே பெட்டியைத் திறந்து எடுத்தான். மனோரமா என்று எழுதின உறைக்குள் இருந்த படத்தில் நெஞ்சு கறுப்பாக, பஞ்சு கிஞ்சு எதுவும் இல்லாமல் இருந்தது. முதுகெலும்புக்குப் பக்கத்தில், இரண்டு காலோடு, ஒற்றைத் தாலி.

முழுப் பூசணிக்காயை ஒரு மாதமாகச் சோற்றில் மறைத்த கை, இப்போது முந்தானையைப் பிசைந்தது. "எனக்கு வேற வழி தெரியலடா" என்றாள் ஞானம்மாள். "இவளுக்குன்னா புருஷன் ஊட்ல தொரத்திடுவாங்க. அம்சாவுக்குன்னா நீ தொரத்தமாட்ட, கொஞ்ச நாள் அம்மா ஊட்ல இருப்பா, வந்துடுவா. ஊசிதான் தெனம் போட்டுகினு கீறமே, கிருத்திகைக்குள்ள சரியாப்பூடும்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ரத்தம் ஊற ஊசின்னு சொன்னியேம்மா" என்றாள் மனோரமா.

மனோரமா மடியில் இருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு சுவர் ஓரமாக நகர்ந்து நகர்ந்து, குழந்தைக்கு எட்டாத மூலையில் போய் உட்கார்ந்தாள். குழந்தை அம்சாவின் இடுப்பிலிருந்து அவளைப் பார்த்துத்தான் கையை நீட்டினான். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

அன்றைக்கே எல்லோரும் திருத்தணிக்குப் போனார்கள். முதலில் குழந்தையைப் படம் எடுக்க, அம்சா அவன் அரைஞாண், கையில் கட்டின தாயத்து, காலில் இருந்த தண்டை எல்லாவற்றையும் தானே கழற்றினாள். ஒரு நூல்கூட விடவில்லை. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் மாத்திரை கொடுக்க வேண்டும், சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இப்போதைக்கு என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அம்சா வருஷக் கணக்கில் சுமந்தாள். பிள்ளை ஒரு தும்மல் தும்மினாலும் எழுந்து உட்காருவாள்.

அடுத்தது மனோரமா. நோவு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க அவளுக்கு மறுபடி படம் எடுக்கச் சொன்னார் டாக்டர். மிஷின் ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். ரெட்டைப் பொட்டைக் கயிற்றோடு தலைவழியே கழற்றினாள். அம்மாவிடம் நீட்டினாள். ஞானம்மாள், "வோணாம்டி, அபசகுனம்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ வெச்சிக்கோ அண்ணி" என்று மனோரமா அம்சா பக்கம் திரும்பினாள். "இந்தத் தபா வெறும் நெஞ்சுதான் தெரியணும்."

அம்சா வாங்கிக்கொண்டாள். கயிறு இன்னும் உடம்புச் சூட்டோடு இருந்தது. கதவு சாத்தி, உள்ளே மிஷின் உறுமி, மறுபடி திறந்தது. மிஷின் ஆள் புது உறை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் நாத்தனார் தாலியுமாக அம்சா அவன் எதிரில் போய் நின்றாள்.

"பேர எங்க எதிர்லயே எழுதுங்க" என்றாள். "உறை மேல வோணாம். படத்து மேலயே எழுதுங்க."