லாச்சோவின் மோதிர விரல்

அந்த மே மாதம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே அறை வாசலில் நின்றுகொண்டு, "உள்ள யாரு? முழங்காலா, கணுக்காலா?" என்று விசாரிக்க வந்தவர்கள் அவர்கள். நான் அந்த அறையில் இருபத்து நான்கு வருஷமாகப் படம் எடுக்கிறேன். எலும்பு முறிந்தவர்களைச் சமாளிப்பது சுலபம். கால்பந்து பார்க்கிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். நானும் அவர்களில் ஒருத்தி என்பது அதைவிடக் கஷ்டம்.

எங்கள் அணிக்கு லோத்கார் என்று பெயர், படகோட்டி என்று அர்த்தம். பல்கேரியாவில் டான்யூப் ஆற்றங்கரை ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். அந்த வருஷம் படகில் ஓட்டை விழாத இடமே இல்லை. கேப்டனுக்கு முழங்கால். முன்கள ஆட்டக்காரர்கள் இரண்டு பேருக்குத் தொடைத் தசை. ஒருவன் குளியலறையில் வழுக்கி விழுந்தான். இன்னொருவன் அணியின் பேருந்துக் கதவில் கட்டைவிரலை வைத்து நசுக்கிக்கொண்டான். கோல்கீப்பருக்குத் தோள்பட்டை இறங்கிப் போய் மூன்று வாரம். களத்தில் நிற்கப் பதினொரு பேர் வேண்டும். என் அறைக்கு வந்துபோனவர்கள் பதினொரு பேர்.

சீசனில் ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. சனிக்கிழமை, சொந்த மைதானத்தில். சமன் செய்தால் போதும், இரண்டாம் டிவிஷனில் தப்பிப்போம். தோற்றால் மூன்றாம் டிவிஷன், ஆடு மேயும் மைதானங்கள்.

என் கணவர் பிளாகோய் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மைதானத்தில் எங்கள் பக்கத்து வரிசைகளுக்கெல்லாம் அவர்தான் தொண்டை. நோயாளிகளைப் பற்றி வீட்டில் பேசமாட்டேன் என்று கல்யாணமான வருஷமே சொல்லிவிட்டேன். அதனால் அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்.

"இன்னிக்கு சூப்புல உப்பு ஜாஸ்தி," என்றார் ஒருநாள், கரண்டியைக் கீழே வைத்து. "அப்போ ஏதோ பெரிய அடிதான். எலும்பா?"

"உப்பு ஜாஸ்தின்னா தண்ணி ஊத்திக்கோ."

"மூஞ்சத் திருப்பிக்கிற பாத்தியா? அப்ப எலும்பேதான்!"

சனிக்கிழமைக்கு முன்னால் வந்த வியாழக்கிழமை மத்தியானம், ஆம்புலன்ஸ் வரும் பின்வாசல் வழியாக லாச்சோ வந்தான். முழுப்பெயர் லாச்சேசார். எங்கள் இரண்டாம் கோல்கீப்பர். முதல் கோல்கீப்பரின் தோள் இறங்கிய பிறகு இவன்தான் நின்றுகொண்டிருந்தான். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு, இடது கையைச் சட்டைக்குள் ஒளித்திருந்தான்.

"தெமெனுகா அக்கா, சும்மா ஒரு படம். ஒண்ணும் இருக்காது."

மேஜைமேல் கையை வைக்கச் சொன்னேன். மோதிர விரல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. படம் திரையில் வந்தது. நடு எலும்பில் குறுக்கே ஒரு கோடு. அதைப் பார்க்க டாக்டர் தேவையில்லை. இருந்தாலும் டாக்டர் பெனேவா வந்து பார்த்தார். ஆறு வாரம் கட்டு, பந்தைத் தொடக்கூடாது என்றார். எழுதியும் கொடுத்தார். லாச்சோ அந்தக் காகிதத்தை நாலாக மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டான்.

டாக்டர் போன பிறகு கேட்டேன்: "அத எங்கடா கொண்டுபோற?"

"வீட்டுக்கு."

"கிளப்புக்குக் கொண்டு போ."

"அக்கா, நான் ஆறு வருஷம் பெஞ்சுல உக்காந்திருக்கேன். ஆறு வருஷம்! பெஞ்சுல என் சைஸுக்குப் பள்ளமே விழுந்திருச்சு. இப்பதான் மூணு மேட்ச் ஆடியிருக்கேன். நான் இல்லன்னா யாரு நிப்பா? ஒக்னியான்!"

ஒக்னியான் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். நாற்பத்து நாலு வயது. ஆள் பஞ்சத்தில் அவர் பெயரையும் ஆட்டக்காரர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். ஊரே சிரித்தது. குனிந்து செருப்புப் போட்டுக்கொள்ளவே அவருக்கு மனைவி உதவி வேண்டும் என்று பேச்சு.

"நீங்க யாருகிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?" என்றான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "நான் சொல்லக்கூடாது. சொல்லவும் மாட்டேன். ஆனா நீ சொல்லணும். முறிஞ்ச விரலோட நின்னா அது விரல் இல்லடா, குச்சி. இன்னும் ரெண்டு அடி பட்டா ஆயுசுக்கும் மடங்காது."

"மடங்காட்டிப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டான்.

அன்று மாலையிலிருந்து எனக்கு நரகம். ரொட்டி வாங்கப் போனால் பேக்கரி மின்கோ கவுன்டருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, போனதெல்லாம் போகட்டும். கோல்கீப்பராவது முழுசா இருக்கான். கடவுள் ஒரு கதவ மூடினாலும் லாச்சோ நிக்கிறான்!" என்றான். நான் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன். வீட்டில் பிளாகோய் மேஜையில் உப்புக்குப்பி, மிளகுக்குப்பி, ராக்கியா சாராயக் கிண்ணமெல்லாம் அடுக்கி அணி நிறுத்திக்கொண்டிருந்தார். கோலில் நின்றது வினிகர் பாட்டில்.

"பாரு, பின்னால இவன் இருக்கான். இவன் இருக்கற வரைக்கும் பயமில்ல."

"சாப்பிடற மேஜையில இருந்து அதெல்லாம் எடு."

"ஏன் இப்படி எரிஞ்சு விழற? நல்லதா ஒரு வார்த்த சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

சொல்ல முடியாத ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு நல்ல வார்த்தை எங்கிருந்து வரும்? வெள்ளிக்கிழமை முழுக்க, லாச்சோ கிளப்புக்குச் சொல்லியிருப்பான், இப்போது செய்தி வரும், இதோ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சனிக்கிழமை ஒலிபெருக்கியில் அணியின் பெயர்களை வாசித்தார்கள். முதல் பெயரே அவனுடையதுதான். சுற்றிலும் கைதட்டல். பிளாகோய் என் முதுகில் தட்டினார். நான் சூரியகாந்தி விதையைத் தோலோடு விழுங்கிவிட்டேன்.

முதல் பத்து நிமிஷம் பந்து அவன் பக்கம் வரவில்லை. பதினோராவது நிமிஷத்தில் உயரமாக ஒரு பந்து வந்தது. பச்சைக் குழந்தைகூடப் பிடிக்கும். அவன் பிடிக்காமல் வலது முஷ்டியால் குத்தி வெளியே தள்ளினான். அடுத்ததையும் அப்படியே.

"ஏன்டா குத்துற? பிடிடா! அது பந்துடா, குண்டு இல்ல!" என்று பிளாகோய் ஆரம்பித்தார்.

"கத்தாத," என்றேன்.

"கத்தறதுக்குத்தான டிக்கெட் வாங்கிருக்கேன்?"

முப்பத்தோராவது நிமிஷத்தில் எதிரணிக்காரன் தூரத்திலிருந்து ஒன்று அடித்தான். வேகமே இல்லாத பந்து. லாச்சோ இரண்டு கையையும் கொடுத்தான். பந்து இடது கையில் பட்டதும் அவன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. பந்து நழுவி, அவன் காலுக்கிடையே உருண்டு, கோட்டைத் தாண்டியது.

மைதானம் மொத்தமாக வெடித்தது. அத்தனை சத்தத்துக்கும் மேலே என் கணவரின் குரல்:

"உங்கம்மா உன்னத் தொட்டில்லேர்ந்து எத்தன தடவ கீழ போட்டாளோ! அதான்டா நீயும் எல்லாத்தையும் கீழ போடற!"

நாலு வரிசையும் விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த பேக்கரி மின்கோ அதைத் திரும்பக் கத்தினான். நான் பிளாகோயின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"இன்னொரு வார்த்த அவனப் பத்திப் பேசின, நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன்."

"உனக்கென்ன அவன்மேல அவ்வளவு கரிசனம்?"

இடைவேளை விசில் ஊதியதும் எழுந்து, வீரர்கள் உள்ளே போகும் வழியை ஒட்டிய கம்பிவேலிக்குப் போனேன். லாச்சோ தலையைக் குனிந்துகொண்டு கடைசியாக வந்தான். மேலேயிருந்து விதைத்தோலை அவன்மீது எறிந்தார்கள். என்னைப் பார்த்தான். வாய்விட்டுச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன், போதும் என்பதுபோல. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

இரண்டாம் பாதிக்கு ஒக்னியான் வெளியே வந்தார்.

மஞ்சள் சட்டை அவர் வயிற்றில் தோல்போல ஒட்டியிருந்தது. ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு எதிரணி ஆதரவாளர்கள் சிரித்த சிரிப்பு ஆற்றுக்கு அக்கரையில் ருமேனியாவில் கேட்டிருக்கும். மின்கோ இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "முடிஞ்சது. ஆடு மேய்க்கப் போலாம், வாங்க."

ஆனால் ஒக்னியான் பந்துக்காகப் பாயவே இல்லை. பந்து எங்கே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, முன்கூட்டியே போய் அங்கே நின்றுகொண்டார். மூன்று தடவை அவர் நெஞ்சில் வந்து மோதியது, ஒரு தடவை வயிற்றில். நாற்பத்தைந்து நிமிஷமும் தன் முன்னால் நின்றவர்களை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே இருந்தார். அது மேலே எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது.

எண்பத்து மூன்றாவது நிமிஷம். எங்களிடம் மிச்சமிருந்த ஒரே முன்கள ஆட்டக்காரன் ராங்கெல். கார்னரிலிருந்து வந்த பந்து அவன் முழங்காலில் பட்டு உள்ளே போனது. அவன் அடித்தானா, பந்து அவனை அடித்ததா என்று இன்றுவரை ஊரில் சண்டை. ஒன்றுக்கு ஒன்று! பிளாகோய் என்னைத் தூக்கிச் சுற்றினார். முன்னால் இருந்தவர் தலையில் என் செருப்பு விழுந்தது.

கோல் போட்ட ராங்கெல் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான், விளம்பரப் பலகையைத் தாண்டிக் குதித்தான். அந்தப் பக்கம் நெகிழித் தண்ணீர் பாட்டில் ஒன்று கிடந்தது. அதன்மேல் காலை வைத்தான்.

எழுந்திருக்கவில்லை.

"எழுந்திரு, எழுந்திருடா செல்லம்," என்று பிளாகோய் கெஞ்சினார். "வேண்டாம்டா, இன்னிக்கு மட்டும் வேண்டாம்டா." ஸ்ட்ரெச்சர் வந்தது. மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரும் இறங்கியாகிவிட்டது, அதனால் மிச்ச ஆட்டம் பத்துப் பேரோடு. எங்கள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. மின்கோ மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, என் முகத்தைப் பார்த்து ஆட்டத்தைப் புரிந்துகொண்டான். விசில் ஊதியபோதும் திரும்ப மாட்டேன் என்றான். நாங்கள்தான் பிடித்துத் திருப்பினோம். ஒன்றுக்கு ஒன்று. தப்பித்துவிட்டோம்.

வெளியே வரும்போது யாரோ கைபேசியில் வானொலி வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் பேசிக்கொண்டிருந்தார். "லாச்சோவுக்கு வியாழக்கிழமையே விரல் முறிஞ்சிருக்கு. எங்களுக்கு இடைவேளையிலதான் சொன்னான்…"

பிளாகோய் நடப்பதை நிறுத்தினார். அவர் மனதில் கணக்கு ஓடுவது தெரிந்தது: வியாழக்கிழமை, என் பகல் வேலை, அன்று மேஜையில் நான் எரிந்து விழுந்தது.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"மூணு நாளா தெரியும். என் பக்கத்துல உக்காந்து, நான் அவன அப்படித் திட்டறத வேடிக்க பாத்துட்டு இருந்தியா?"

"கத்தாதன்னு சொன்னேன். காலரைப் புடிச்சுச் சொன்னேன்."

"காரணம் சொல்லலையே! நான் உன் புருஷன்!"

"நீ என் புருஷன். அவன் கை உன்னோடதா? நாளைக்கு உன் நெஞ்சப் படம் எடுத்துட்டு மின்கோகிட்டப் போய்ச் சொல்லட்டுமா?"

ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது, கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. நாங்கள் வீடுவரை ஆளுக்கொரு நடைபாதையில் நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிளாகோய் எங்கள் செர்ரி மரத்தில் ஏணி வைத்துப் பறித்துக்கொண்டிருந்தார். ஒரு வாளி நிறைந்ததும், "வா, போலாம்," என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

லாச்சோவின் வீட்டுக் கதவைத் திறந்தது அவன் அம்மா. அகலமான தோள், மாவு ஒட்டிய கை. பிளாகோய் வாளியை நீட்டி, "நான் வந்து… நேத்து மைதானத்துல…" என்று இழுத்தார்.

"அந்தக் குரல் உன்னோடதா?" என்றாள் அவள். "நான் உனக்கு மூணு வரிச கீழதான் உக்காந்திருந்தேன்."

பிளாகோய் வாளியைப் பார்த்தார்.

"நான் அவன ஒரு தடவகூடக் கீழ போட்டதில்ல."

"இல்லம்மா. போட்டிருக்க மாட்டீங்க. தப்பு என்னோடது."

அவள் வழிவிட்டாள். "வா உள்ள. வெறும் செர்ரியக் குடுத்துட்டு ஓடலாம்னு பாக்காத. கொட்டை எடுத்துக் குடு. ஜாடியில போடணும். இவன் கையால ஒண்ணும் ஆகாது."

லாச்சோ கட்டுப் போட்ட கையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தான். பிளாகோய் அவன் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார். லாச்சோ சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. "என்னத் திட்டினது பரவால்ல," என்றான். "அம்மா அழுதாங்க." அதற்குப் பிறகு பிளாகோய் குனிந்தபடி கொட்டை எடுத்தார். விரலெல்லாம் சிவப்பு.

நான் மெல்லக் கேட்டேன், "கடைசியில சொல்லிட்டியே. நான் தலையாட்டினதப் பாத்துத்தானா?"

"இல்லக்கா," என்றான் வெட்கத்தோடு. "கையுறையக் கழட்டினேன். திரும்பப் போட முடியல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கிளப் இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் நீட்டியிருக்கிறது என்றும் சொன்னான், பழையபடி இரண்டாம் கோல்கீப்பராக.

செர்ரிச் சாறு வழியும் கையோடு பிளாகோய் நிமிர்ந்தார். "ரெண்டாவதா? மொத ஆளோட தோள் இன்னும் சரியாகலையே. ஆகஸ்ட்டுக்குள்ள சரியாகாதுன்னா அப்புறம் நீதான்டா…" என்று என் பக்கம் திரும்பினார். "தெமெனுகா, அந்தத் தோளோட படம் எப்படி இருக்கு?"

மேஜைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.