எட்டாவது ஸ்டேஷனில் திரும்பிய சாவி

மெட்ரோ ரயில் ஓட்டுவது என் வேலை என்று சொன்னால், அது பாதி பொய். பணிமனையிலிருந்து ஸ்டேஷனுக்குள் வந்துவிட்டால் ஓட்டுவது கம்ப்யூட்டர். நான் கதவைச் சாத்துவேன், இரண்டு பச்சைப் பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவேன், பிறகு சும்மா உட்கார்ந்திருப்பேன். பதினோரு வருஷமாக இதற்குத்தான் சம்பளம்.

வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் சாவியை 'கை' பக்கம் திருப்பி, ஒன்பது ஸ்டேஷன் நாமே ஓட்டிக் காட்ட வேண்டும். போன மாதம் கோட்டை விட்டிருந்தேன். இந்த மறு பரீட்சையிலும் தவறினால் டிக்கெட் கவுண்டர்தான். அந்தக் கண்ணாடிக் கூண்டை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பரிசோதகர் பின்னால் உட்கார்ந்து, தலை நிமிராமல் படிவத்தில் கிறுக்கிக்கொண்டு வந்தார். முதல் ஸ்டேஷனில் பயந்து பயந்து நிறுத்தினேன். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் மஞ்சள் கோட்டில் அச்சுப் பிசகாமல் நிறுத்திவிட்டதாகவே நினைத்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கடைசி ஸ்டேஷனில் எழுந்திருக்கும்போது சாவியைப் பார்த்தேன். 'ஆட்டோ' பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் இருந்தால் கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் வண்டி சட்டை செய்யாது. அப்படியானால் இவ்வளவு நேரம் ஓட்டியது யார்?

"நீங்க பாஸும்மா," என்றார் பரிசோதகர். "எட்டு ஸ்டேஷன் அருமை. கடைசியிலதான் ஒரு முழம் முன்னாடியே நிறுத்திட்டீங்க. கம்ப்யூட்டரப் பாத்துக் கத்துக்குங்க."

மண்டையை ஆட்டினேன். எது உண்மை என்றே தெரியாதபோது அவரிடம் எதைச் சொல்வது?

கட்டுப்பாட்டு அறையில் என் நாத்தனார் வேலை பார்க்கிறாள். ஓடிப்போய் நடந்ததைச் சொல்லி, பதிவைப் பார்க்கச் சொன்னேன்.

"எட்டு வரைக்கும் நீங்கதான் அண்ணி. அங்க ஆட்டோவுக்கு மாறியிருக்கு. கடைசி ஸ்டேஷனுக்கு மட்டும்தான் அது ஓட்டிட்டுப் போயிருக்கு."

"அந்த ஒரு முழம்?"

"அது கம்ப்யூட்டரோட முழம்!" விழுந்து விழுந்து சிரித்தாள். "நீங்களே சாவியத் திருப்பிட்டு, பொத்தானையும் அழுத்திட்டு, என்னக் கேக்கறீங்களா?"

"அவருகிட்ட சொல்லணுமா?"

"சொன்னா உங்களுக்கு கவுண்டர், பாக்காம இருந்ததுக்கு அவருக்கு மெமோ. பேசாம போங்க அண்ணி."

எனக்குச் சத்தியமாக ஞாபகமே இல்லை. தினமும் காலையில் பக்கத்துப் பணிமனையிலிருந்து வண்டியைக் கையால் கொஞ்ச தூரம் ஓட்டிவந்து, அந்த எட்டாவது ஸ்டேஷனில்தான் ஆட்டோவுக்குத் திருப்புவோம். பழக்க தோஷம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் என் கை எனக்குத் தெரியாமல் ஒரு வேலை செய்திருக்கிறது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு பணிமனையிலிருந்து கிளம்பினேன். எட்டாவது ஸ்டேஷன் வந்தது. நிறுத்தினேன். ஒரு அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடிவந்தாள். இரண்டு பேரும் ஏறும்வரை திரையில் பார்த்திருந்து, கதவைச் சாத்தினேன்.

அப்போதுதான் சாவி ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தேன்; 'ஆட்டோ' பக்கம் இருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.