மூடியில் ஒட்டிய எண்

“வெத்தலை வாயோட சளி துப்பாதேன்னு எத்தினி தடவைம்மா சொல்லி அனுப்பறது?” என்று சலித்துக்கொண்டார் கலியபெருமாள்.

மாதம் ஒருமுறை பட்டணத்திலிருந்து செஞ்சிக்கு வரும் காசநோய் ஆராய்ச்சிக் குழுவில் மைக்ராஸ்கோப் பார்ப்பவர் அவர். எதிரே நின்ற ராஜம்மாள் விழித்தாள்.

“நான் வெத்தலையே போடமாட்டேன் சார்.”

“அப்ப இது இன்னா?”

புட்டியைத் தூக்கிக் காட்டினார். கெட்டியான மஞ்சள் சளி. ஓரமெல்லாம் வெற்றிலைச் சிவப்பு. மூடியில் ஒட்டிய சீட்டில் அவளுடைய எண்.

“மாத்திரையை வயல்ல வீசறியா? கிருமி குறையவே மாட்டேங்குது. டாக்டரு ஊசி எழுதிட்டாரு. அதனாலதான் உன்னை நேர்ல வரச் சொன்னேன்.”

ஊசி என்றது ராஜம்மாளின் காதில் விழவில்லை. காலையில் தொண்டை நோக இருமியும் அவளுக்கு வந்தது எச்சில் போல் ஒரு துளிதான். இந்தப் புட்டியில் இருந்தது அவளுடையதல்ல.

வெற்றிலை வாய் யாருடையது என்பது அவளுக்குத் தெரியும். கடைவீதி மளிகைக்கடைக்காரர் மனைவி வேதநாயகி, பல் துலக்கும் முன்பே பாக்கை அதக்குகிறவள். அவளுக்கும் இதே வியாதி; இதே வரிசையில் நின்றுதான் இருவருக்கும் பழக்கம். அவளுக்குச் சீக்கிரமே கிருமி போய்விட்டது என்றார்கள். ராஜம்மாளுக்குப் போகவில்லை. பெற்ற குழந்தையைத் தள்ளி வை என்று ராஜம்மாளிடம் டாக்டர் சொன்னபோது, “எனக்குத்தான் சுத்தமாயிடுச்சே, நான் வளக்கறேன்” என்று அவள் மகள் சின்னப்பொண்ணை வாங்கிக்கொண்டவள் வேதநாயகிதான்.

மாதாமாதம் முதல் பஸ்ஸில் ராஜம்மாள் புட்டியோடு வேதநாயகி வீட்டு வாசலுக்கு வருவாள். “வாசல்ல நின்னு புள்ளையைக் கண்ணாரப் பாரு. ரெண்டு புட்டியையும் நானே குடுத்துட்டு வரேன்” என்று வாங்கிப் போவாள் அந்தப் புண்ணியவதி.

“சார், இப்ப இங்கியே துப்பறேன். பாருங்க” என்றாள் ராஜம்மாள்.

கலியபெருமாள் புதுப் புட்டி கொடுத்தார். கண்ணாடித் துண்டில் தடவி, நெருப்பில் காட்டி, சாயம் ஏற்றி, கண்ணை வைத்து வெகுநேரம் தேடினார். கிருமி இருந்தால் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரியும்.

“வெறும் நீலம்தாம்மா” என்று தலைநிமிர்ந்தவர் முகம் மாறியது. “புட்டியை வேகவைச்சா உரிஞ்சிடும்னு சீட்டை மூடியில ஒட்டினது எங்க தப்பு. மூடியை மாத்திட்டா ஆளே மாறிடும். யாரு மாத்தினது?”

அவள் கடைவீதிக்கு ஓடினாள்.

வேதநாயகி முற்றத்தில் குழந்தையை மடியில் வைத்து, சோற்றைத் தன் வாயால் ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தாள். நடுவே இருமினாள். ராஜம்மாள் முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே வருவதைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

“ராஜம்மா... கிருமி இருக்குன்னு தெரிஞ்சா அவரு வேற கட்டிக்குவாரு. மாமியா ஒரு பொண்ணுகூடப் பாத்து வச்சிருக்கா. உனக்கு அந்தப் பயம் இல்லியே...”

“உன் பயத்துக்கு என் மூடியை எடுத்துக்கினே, சரி. எம் பொண்ணை ஏன்க்கா எடுத்துக்கினே?”

வேதநாயகி வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

ராஜம்மாள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு ஆராய்ச்சிக் குழுவிடம் திரும்பி ஓடினாள். கலியபெருமாள் சின்னப்பொண்ணின் முன்கையில் தோலுக்கடியில் மெல்லிய ஊசி போட்டார். கிருமி தொற்றியிருந்தால் அந்த இடம் தடித்துவரும். தெரிய இரண்டு மூன்று நாளாகும். “மூடியை மாத்தினவங்களுக்கு மறுபடி மருந்து ஆரம்பிக்கணும். பேரைச் சொல்லு” என்றார்.

“வேதநாயகி” என்றாள் ராஜம்மாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் குழந்தை வீறிட்டது. தன்னைத் தூக்கி வைத்திருப்பவளைப் புதியவளைப் போலப் பார்த்தது. ஊசி குத்திய கையை வாசல் பக்கமாக நீட்டி, “பெரீம்மா, பெரீம்மா” என்று அழுதது.