சரிவகத்தில் பாதி

"ஆம்பளப் புள்ள பெத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது, மினாயோ அம்மா. ஊரான் நிலத்தையா கேக்குறேன்? என் தம்பி நிலம். பாதிக்குப் பாதி, அவ்வளவுதான்!"

லுகோன்சோ தோளில் கயிற்றோடு முற்றத்தில் நின்றான். தம்பியின் குழிமேட்டில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. அதற்குள் அண்ணனுக்கு அவசரம். குலப் பெரியவர்கள் தம்பி மனைவி ககேஹா போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டே அவன் பக்கம் தலையாட்டினார்கள்.

"ரெண்டு வேலியிலயும் பாதித் தூரத்துல கயிறக் கட்டுவோம். மேல ரோட்டுப் பக்கம் எனக்கு, கடை போடணும். கீழ ஓடைப் பக்கம் உனக்கு."

ககேஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தபோது மகள் மினாயோ இடுப்பில் கிள்ளிக் காதில் கிசுகிசுத்தாள்.

"அம்மா, பேசாத! நம்ம நிலம் சரிவகம்."

"என்ன வகம்?"

"ரோடும் ஓடையும் இணையாப் போகுது. வேலி ரெண்டும் சாஞ்சு விரியுது. ரோட்டுப் பக்கத்தப்போல ஓடைப் பக்கம் ரெண்டு மடங்கு அகலம். வேலியில பாதின்னா நிலத்துல பாதி இல்லம்மா. பெரியப்பாவுக்குக் கழுத்து, நமக்கு வயிறு!"

லுகோன்சோவின் தொந்தியைப் பார்த்தாள் ககேஹா. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எந்த ஊரிலும் ஒரே சட்டம்தான்: புருஷன் போனவள் சபையில் சிரிக்கக் கூடாது. சால்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"பாவம், எப்படி அழுவுறா பாருங்க!" என்று பக்கத்து வீட்டுக்காரி ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"அழாதம்மா," என்றார் ஒரு பெரியவர். "பாதின்னா பாதிதான். கடவுளுக்குப் பொதுவாத்தான் பிரிக்கிறோம்."

சிரிப்பை அடக்கியதில் ககேஹாவுக்கு மூச்சே நின்றுவிடும்போலிருந்தது. லுகோன்சோவின் மனமும் இளகியது.

"சரி சரி, ரெண்டடி மேல தள்ளியே கட்டுறேன். ஊர்ல என்னைக் கல்நெஞ்சன்னு சொல்லக் கூடாது."

கயிறு கட்டினார்கள். அதன் ஓரமாகப் பெரியவர்கள் தங்கள் கையாலேயே எல்லைச் செடிகளை நட்டார்கள். அப்படி நட்டதைப் பிடுங்குகிறவன் குடும்பம் விளங்காது என்பது அந்த ஊர் நம்பிக்கை. லுகோன்சோவுக்கும் அந்தப் பயம் உண்டு.

எல்லோரும் போனதும் தாயும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"பன்னண்டு பங்குல ஏழு நமக்கு," என்றாள் மினாயோ. "நீ அழுததுக்கு ரெண்டடி கொசுறு!"

"ஏழா! ஏழு!" என்று ககேஹா மகளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். சுற்றியவள் சட்டென்று நின்றாள்.

"ஏண்டி, நேத்து வரைக்கும் நமக்கு எத்தனை?"

"பன்னண்டும்."

உள்ளதில் ஐந்தைப் பறிகொடுத்துவிட்டு இத்தனை கூத்தா என்று ககேஹாவுக்கே வெட்கமாக இருந்தது.

"அந்த அஞ்சையும் வாங்க உன் கணக்குல வழி இருக்கா?"

"கணக்குல இல்லம்மா. கோர்ட்டுலதான் இருக்கு."

ககேஹா சால்வையை உதறித் தோளில் போட்டாள்.

"அப்போ டவுனுக்கு முதல் வேன் எத்தன மணிக்கு?"