சிவப்புக் குடையில் தொங்கிய ரொட்டி

"நீ எங்களவிடப் பெரிய ஜப்பான்காரிடி" என்று சினட்சு ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நிகோராவுக்குத் தலைகால் புரியவில்லை. சமர்கந்திலிருந்து ஜப்பானின் கனசவா நகருக்குப் படிக்க வந்து மூன்று வருடம் ஆகிறது. ரயிலில் போன் பேச மாட்டாள். கூட்டத்தில் மூக்கைச் சிந்த மாட்டாள். வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்லாமலே சொல்லத் தெரிந்துகொண்டுவிட்டாள். முனைவர் பட்டமே கையில் கொடுத்திருந்தாலும் அவ்வளவு பூரித்திருக்க மாட்டாள்.

அந்த ஊரில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ச் சாப்பிடுவது லேசில் நடக்காது. சினட்சுவும் கூடப் படிக்கும் இரண்டு பையன்களும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்கு வருவதாக மூன்று வாரம் முன்பே நாள் குறித்தார்கள். நிகோரா இரண்டு நாள் வீட்டைத் துடைத்தாள். ஒற்றை அறை வீட்டில் இரண்டு நாள் துடைக்க என்ன இருக்கிறதோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

அன்று நல்ல மழை. வந்த மூவரும் ஈரக் குடைகளை வாசல் பக்கத்துச் சமையல் சன்னலின் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். நிகோராவின் சிவப்புக் குடை முன்பே அங்கே தொங்கியது. மேசை நடுவே சட்டி கொதிக்க, நாலு பேரும் முட்டைக்கோசும் காளானும் மீனுமாக எடுத்துத் தின்றார்கள். ஆவி போகட்டும் என்று சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள்.

பேச்சு புதிதாக வந்திருக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பக்கம் திரும்பியது. ஒருவன் போன வாரம் பேராசிரியர் வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றானாம். பாவம், பேராசிரியர் பைஜாமாவோடு கதவைத் திறந்தாராம். எல்லாரும் சிரித்தார்கள். நிகோராவுக்கும் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது.

"எங்க ஊர்லயும் அப்படித்தான். ஒரு நாள் வான்னு சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னா போதும், மறுநாளே மூட்டை முடிச்சோட வந்து நிப்பாங்க" என்றாள். முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள். சன்னல் திறந்திருந்தது அப்போது அவள் நினைவில் இல்லை.

சொந்த ஊரை விற்று வாங்கிய சிரிப்பு அது. அவளே முதல் வருடத்தில் அப்படிப் போய் நின்றவள்தான். கூடப் படித்த பெண் ஒருத்தி "ஒரு நாள் வீட்டுக்கு வா" என்றாள் என்று, முலாம்பழத்தைச் சுமந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் ரயிலில் போனாள். அந்தப் பெண்ணின் அம்மா மூன்று தடவை குனிந்து வணங்கி, பழத்தை வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். அந்த ஊரில் 'ஒரு நாள்' என்றால் எந்த நாளும் இல்லை என்று அர்த்தம். திரும்பும் ரயிலில் சத்தம் வராமல் அழுதாள். ஜப்பானில் அவள் முதலில் கற்றுக்கொண்ட மரியாதை அதுதான்.

அழைப்பு மணி அடித்தது.

வாசலைக் காட்டும் சின்னத் திரை சுவரில் வெளிச்சமானது. எழுந்து போய்ப் பார்த்தாள். பர்னோ.

பர்னோ சமர்கந்தில் நிகோராவின் தெருக்காரி, பத்தொன்பது வயது. அதே பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ரயில் நிலையத்தில் அவளைக் கூட்டிக்கொள்ளப் போனது நிகோராதான். அத்தனை பேர் பார்க்க "அக்கா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது பெண். நிகோராவுக்குக் கூசிப்போயிற்று. இந்தச் சிவப்புக் குடையில்தான் இருவரும் ஒண்டிக்கொண்டு விடுதிவரை நடந்தார்கள். பிரியும்போது "ஒரு நாள் வீட்டுக்கு வா" என்று நிகோரா சொன்னாள். ஜப்பானில் பழகிய வாய், அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பர்னோ உடனே விலாசத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

இப்போது திரையில் தலை சொட்டச் சொட்ட நிற்கிறாள். குடை இல்லை. சட்டைக்குள் எதையோ நெஞ்சோடு அணைத்திருக்கிறாள். கதவைத் திறந்தால் கட்டிப்பிடிப்பாள். மேசையில் இடம் கேட்காமல் உட்காருவாள். சத்தமாகச் சிரிப்பாள். இவள் மூன்று வருடம் பாடுபட்டுக் கட்டியது ஒரு நிமிடத்தில் போய்விடும். நிகோரா திரையை முதுகால் மறைத்துக்கொண்டு திரும்பினாள்.

"யாரு?" என்றாள் சினட்சு.

"யாரோ பத்திரிகைக்குச் சந்தா கேக்க வந்த ஆளு. பேசாம இருந்தா போயிடுவாங்க."

வீட்டில் இருந்துகொண்டே இல்லாத மாதிரி இருப்பது அங்கே எல்லாருக்கும் பழக்கம். மூன்று பேரும் குச்சிகளைக் கீழே வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு, குறும்புப் பிள்ளைகள் போல் உட்கார்ந்தார்கள். நடுச் சிரிப்பில் நின்றுபோன அந்த வீட்டில் சட்டி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மணி இன்னொரு தடவை அடித்தது. நிகோரா தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். பர்னோ விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு சன்னல் பக்கம் திரும்பி எதையோ பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரை தானே அணைந்தது.

சாப்பாடு முடிந்து மூவரும் கிளம்பியபோது நிகோராவும் வழியனுப்ப வெளியே வந்தாள். சன்னல் கம்பியில் நாலு குடைகள் தொங்கின. சிவப்புக் குடையின் பிடியில் ஒரு பை மாட்டியிருந்தது. உள்ளே பூப்போட்ட துணியில் சுற்றிய ரொட்டி, முகம் மேலே பார்த்தபடி. சமர்கந்தில் ரொட்டியைத் தரையில் வைக்க மாட்டார்கள், கவிழ்த்தும் வைக்க மாட்டார்கள். அதற்குத்தான் இடம் தேடியிருக்கிறாள் பெண். தேடிய இடத்தில் ஆள் இருப்பதையும் கண்டுகொண்டாள்.

சினட்சு பையைப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள். நிகோராவின் முகத்தைப் பார்த்தாள். "மழை விட்டுடுச்சு, நல்லவேளை" என்று சொல்லிவிட்டுத் தன் குடையை எடுத்துக்கொண்டாள். 'உன் ஊர்ப் பெண்ணா? ஏன் திறக்கவில்லை?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நிகோரா ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பாள். சினட்சு கேட்கவில்லை. காது நுனிவரை எரிய, மூவரும் படியிறங்கும்வரை நிகோரா குனிந்து வணங்கிக்கொண்டே நின்றாள்.

ரொட்டி உள்ளங்கை அகலம்தான் இருந்தது. நடுவில் முள்கரண்டியால் குத்திப் பூப்போட்டிருந்தது. ஒரு பக்கம் கருகியிருந்தது. பிட்டு வாயில் வைத்ததும் மீன் வாசனை அடித்தது. விடுதி அடுப்பில் ரொட்டி சுட, மீன் சுடும் தட்டை விட்டால் வேறு ஏது வழி? எத்தனை தடவை கருக்கி, எத்தனையாவது தேறியதோ. தூக்கிப் போட முடியாது, ரொட்டியைப் போடக் கூடாது. முழுங்கவும் முடியவில்லை. தன்னைப் போல் ஒரு ஈனப்பிறவி உண்டா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, ஒரு துணுக்கு விடாமல் தின்று தீர்த்தாள்.

சாயங்காலம் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினாள், அழித்தாள். தூங்கிவிட்டேன் என்று எழுதினாள். குளித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினாள். நாலு குடைகளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

மறுநாள் மதியம் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் பர்னோ தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நிகோராவைப் பார்த்ததும் எழுந்தாள். ஓடி வரவில்லை. கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு குனிந்து வணங்கினாள். பிறகு, மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜப்பானிய மொழியில், தடுமாறாமல் பேசினாள்.

"நிகோரா-சான், நேத்து நீங்க வீட்ல இல்லாத நேரத்துல, முன்கூட்டிச் சொல்லாம வந்துட்டேன். தொந்தரவு குடுத்ததுக்கு மன்னிக்கணும்."

பேச்சில் ஒரு 'அக்கா'கூட இல்லை, பேரோடு ஒட்டிய மரியாதைச் 'சான்'தான். அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று நிகோரா தேடிப் பார்த்தாள். இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"பர்னோ" என்றாள், தங்கள் ஊர்ப் பேச்சில். அந்தப் பேச்சே நாக்கில் இடறியது. "ரொட்டி நல்லா இருந்துச்சு, கண்ணு. இன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வாயேன். அஞ்சு மணிக்கு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

பர்னோ சிரித்தாள். பல் தெரியாத, அழகான, அளவான சிரிப்பு. இரண்டு வாரத்துக்கு முன் ரயில் நிலையத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு சிரிப்பு இல்லை.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஜப்பானிய மொழியிலேயே. "ஒரு நாள் கண்டிப்பா வரேன்."

இன்னொரு முறை குனிந்து வணங்கிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஒரு நாள் எந்த நாள் என்று நிகோரா யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.