கிளை வளாகத்து வாசல்

தடுப்புக் கம்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி காவலாளி நின்றார். காலை நேரத்துக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல்கலைக்கழகத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. வேதியியல் பேராசிரியர் மட்டும் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"பொண்ணுக்கு கெமிஸ்ட்ரி கெடச்சிருக்காமே. எங்க டிபார்ட்மெண்ட்தானே?"

"இல்லைங்க சார்." காவலாளிக்கு வாயெல்லாம் பல். "ரெண்டு எடத்துலயும் கெடச்சுது. அவதான் கிளை வளாகத்துக்குப் போறேன்னுட்டா. லேப் அங்கதான் பிரமாதமா இருக்காம்."

"லேப்பா? அங்க இன்னும் கூரையே போடலையேப்பா. யாரோ அவளக் குழப்பிவிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்திக்கலாம், சொல்லு."

கார் போன பிறகும் கம்பத்தை இறக்க மறந்து நின்றார். யாரும் குழப்பவில்லை. சேர்க்கைக்கு மகள் வந்த அன்று, கம்பத்தைத் தூக்கத் தாமதமாகிவிட்டதென்று மீசை முளைக்காத பையன் ஒருவன் பைக்கில் இருந்தபடியே, "யோவ், தூங்குறியா?" என்று கத்தினான். இவரும் கையைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். நாலடி தள்ளி வரிசையில் நின்ற மகள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் காதில் விழுந்திருக்காது என்று இத்தனை நாளும் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார். இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் வீட்டில் மெதுவாகக் கேட்டுப்பார்த்தார். "இங்கயே சேர்ந்துடேம்மா."

"எனக்கு அங்கதான்பா பிடிச்சிருக்கு." துணி மடிப்பதை அவள் நிறுத்தவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது?

தான் அந்த வாசலில் இல்லாவிட்டால் அவள் இங்கேயே சேர்ந்துவிடுவாள். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்றார்.

"என்னை வேற எங்கயாவது மாத்திவிடுங்க சார்."

"இத்தன வருஷம் இல்லாம இப்ப என்னய்யா?"

என் மகள் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "பொண்ணு படிப்பு விஷயமா..." என்று இழுத்தார்.

சூப்பர்வைசர் நல்ல மனுஷன், அதுதான் வந்த வினை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டுத் தோளைத் தட்டினார். "அவ சேர்ற கிளை வளாகத்துலயே உனக்கு கேட் டியூட்டி வாங்கிட்டேன். பொண்ணப் பக்கத்துலயே வச்சுக்கலாம். பெத்த மனசு எனக்குத் தெரியாதா?"

காவலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. "சார், நான் இங்கயே..."

"வெளையாடுறியா? உன் எடத்துக்கு ஆள் போட்டாச்சு. வேணாம்னா வீட்டுலதான் உக்காரணும்."

மகள் விடுதிக்குக் கிளம்பும்வரை சொல்லிவிட நாலு தடவை வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ கேட்டு முடித்துக்கொண்டார்.

முதல் நாள் காலை மூன்று தோழிகளோடு சிரித்துக்கொண்டே வந்தவள், வாசலில் அவரைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. "அ..." என்று உதடு பிரிந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"ஐடி கார்டு காட்டுங்க மேடம்."

பையைத் துழாவி எடுத்து நீட்டினாள். அதிலிருந்த படத்தையும் அவள் முகத்தையும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பார்ப்பதுபோல, மாறிமாறிப் பார்த்தார்.

"சரி, போங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த பெண்ணின் அட்டைக்குக் கையை நீட்டினார்.